சந்தைக்குப் போகும் பெண்

(கோவில்பட்டியில் நடந்த பொதுக்கூட்டம் ஒன்றில் செய்த சொற்பொழிவு)



"பெண்களும் பிரயாணமும்" என்பதைப் பற்றிச் சில வார்த்தைகள் பேச வேண்டுமென்று கேட்டுக் கொள்ளப்பட்டேன். பிரயாணம் என்றவுடன் காசிக்கும் இராமேஸ்வரத்துக்கும் போகிற யாத்திரையைச் சிலர் நினைத்துக் கொண்டிருக்கலாம். அதைப் பற்றிப் பேச நான் வரவில்லை. சாமி பார்க்கப் போகிற பெண்ணை நம் ஜனங்கள் அதிகமாகத் தடுப்பதுமில்லை. கூட்டத்தில் நசுங்கினாலும், தெப்பக்குளத்தில் வழுக்கி விழுந்தாலும், "புண்ணியத்துக்குப் போனாள்" என்று சொல்லித் தேறிக் கொள்ளுவார்கள். அதே பெண், "நான் வளர்த்த ஆட்டை நானே கொண்டுபோய் விற்று வருகிறேன்" என்று சந்தைக்குத் தனியாகப் புறப்படட்டும். வீட்டிலே எத்தனை கேள்வி, தெருவிலே எத்தனை பேச்சு, டீக்கடையிலே எத்தனை சிரிப்பு என்று பாருங்கள்! கோவிலுக்குப் போகிற கால் சந்தைக்குப் போனால் மாத்திரம் கெட்டுப் போகுமா? இன்று நான் கேட்க வந்த கேள்வி இது ஒன்றுதான்.

முதலில் வெளியூர்ச் சங்கதி ஒன்று சொல்லுகிறேன். பிறகு உள்ளூருக்கு வருவோம். வட ஆப்பிரிக்காவில் மொராக்கோ என்று ஒரு தேசம். அதிலே மராக்கேஷ் என்பது பழைய சந்தைப் பட்டணம். அதன் நடுவிலே ஜெமா எல்-ஃப்னா என்றொரு பெரிய மைதானம். பாம்பாட்டி, கதை சொல்லுகிறவன், வித்தை காட்டுகிறவன், மருதாணி வைக்கிறவள், சாயங்காலமானால் புகையும் நெய்யுமாகச் சாப்பாட்டுக் கடைகள் என்று எப்போதும் திருவிழாதான். 2001ஆம் வருஷம் யுனெஸ்கோ சபையார் அந்த மைதானத்து வாழ்க்கையை உலகம் காப்பாற்ற வேண்டிய செல்வமென்று அறிவித்தார்கள். மைதானத்தைத் தாண்டினால் சந்துகள், சந்துக்குள் சந்து. பாரம் ஏற்றிய கழுதைக்காரன் "பலாக், பலாக்" என்று கத்திக் கொண்டு வருவான். நம் ஊரில் வண்டிக்காரன் "ஓரம், ஓரம்" என்பதுதான் அது.

அந்த ஊருக்குத் தனியாகப் போய் வந்த பெண்கள் பலர் தங்கள் அனுபவத்தை எழுதியிருக்கிறார்கள். எழுதுகிறவர்கள் வேறு வேறு. சங்கதி ஏறக்குறைய ஒன்று. கேட்காமலே வழி காட்ட ஒருவன் வருகிறான். வழி காட்டியதற்குக் கூலி கேட்கிறான். கையைப் பிடித்து மருதாணியை வைத்துவிட்டுக் காசு கேட்கிறார்கள். ஒரு பொருளுக்கு மூன்று பங்கு விலை சொல்லுகிறார்கள். பின்னாலேயே ஒருவன் ஏதோ பேசிக் கொண்டே வருகிறான். கூட ஓர் ஆண் இருந்தால் இவற்றில் பாதி இல்லை. இல்லாவிட்டால் எல்லாம் உண்டு.

இதைக் கேட்டவுடன் நம்மவர்களில் சிலர், "அந்த நாட்டு மதம் அப்படி, அந்த ஜனங்கள் அப்படி, நம் ஊரில் பெண்ணென்றால் தெய்வம்" என்று மீசையைத் தடவிக் கொள்ளுகிறார்கள். தோழர்களே! மராக்கேஷிலிருந்து ஒரு பெண் புறப்பட்டு, பெட்டியும் கையுமாகத் தனியாக நம் பக்கத்துப் பேருந்து நிலையம் ஒன்றில் இரவு ஒன்பது மணிக்கு இறங்குகிறாள் என்று வைத்துக் கொள்ளுங்கள். எந்த ஊரென்று நான் சொல்லவில்லை. அவரவர் ஊரையே நினைத்துக் கொள்ளுங்கள். எத்தனை கண்கள் அவள் மேல் விழும்? "தனியாகவா வந்தாய்?" என்று எத்தனை பேர் கேட்பார்கள்? அவள் ஊருக்குத் திரும்பிப் போய் எழுதினால் என்ன எழுதுவாள்? "கரிசல் காட்டில் பெண்ணைத் தெய்வமென்று சொன்னார்கள், உட்கார ஓர் இடம் மாத்திரம் இல்லை" என்றுதான் எழுதுவாள்.

அந்த மொராக்கோவிலிருந்து ஒருவர் நம் பக்கத்துக்கு உண்மையாகவே வந்துமிருக்கிறார். இப்னு பதூதா என்று பெயர். டாஞ்சியர் பட்டணத்தில் பிறந்தவர். 1325ஆம் வருஷம், 21வது வயதில், தனியாக வீட்டை விட்டுப் புறப்பட்டார். மக்கா, டில்லி, மாலத்தீவு, இலங்கை எல்லாம் சுற்றி, 1340களில் நம் மதுரைக்கும் வந்தார். ஊர் ஊராய் வேலை கிடைத்தது. ஊர் ஊராய்ப் பெண்ணும் கட்டிக் கொண்டார். உலகம் அவரை மகா யாத்திரிகர் என்று கொண்டாடுகிறது, கொண்டாடட்டும். ஆனால் அதே டாஞ்சியரில் அதே வருஷம் 21 வயதுப் பெண்ணொருத்தி தனியாக வாசற்படி தாண்டியிருந்தால் அவளுக்கு என்ன பெயர் வைத்திருப்பார்கள்? யாத்திரிகர் என்றா வைத்திருப்பார்கள்?

அவருக்கு ஐந்நூறு வருஷங்களுக்குப் பிறகு இசபெல் எபர்ஹார்ட் என்கிற பெண்மணி ஒருத்தி இருந்தாள். 1877இல் சுவிட்சர்லாந்தில் பிறந்தவள். அதே வட ஆப்பிரிக்காவில், அல்ஜீரியாவிலே, பாலைவனத்தையும் சந்தைகளையும் சுற்றினாள். எப்படிச் சுற்றினாள் தெரியுமா? அரபு ஆண்பிள்ளை உடை உடுத்தி, ஆண் பெயர் வைத்துக் கொண்டு சுற்றினாள். 1904இல், 27வது வயதில், வெள்ளத்தில் இறந்து போனாள். அந்த உடை நமக்குச் சொல்லுகிற உண்மை என்ன? பாதை அதே பாதை. மணல் அதே மணல். கால் அதே கால். துணி மாறினவுடன் வழி திறந்தது. ஆகவே தடை பாதையிலுமில்லை, பெண்ணின் உடம்பிலுமில்லை; பார்க்கிறவன் புத்தியில் இருக்கிறது.

நிற்க. சந்தை என்றால் குழப்பம், இரைச்சல், அதிலே பெண்ணுக்கு என்ன வேலை என்று கேட்கிறார்கள். சந்தை குழப்பமென்று யார் சொன்னது? மராக்கேஷில் தோல் வேலைக்கு ஒரு பக்கம், சாயத்துக்கு ஒரு பக்கம், செம்புப் பாத்திரத்துக்கு ஒரு பக்கம் என்று தொழில்வாரியாகப் பிரித்துத்தான் வைத்திருக்கிறார்கள். நம் சந்தையிலும் அப்படியே. வெற்றிலைக்காரன் இடத்தில் கருவாட்டுக்காரன் உட்கார மாட்டான். எங்கே நிற்க வேண்டும், யாரிடம் முதலில் பேச வேண்டும், எந்த விலையில் எவ்வளவு குறைக்க வேண்டும் என்பதற்கெல்லாம் எழுதாத சட்டம் இருக்கிறது. அது தெரிந்தவனுக்குச் சந்தை ஒழுங்கு. தெரியாதவனுக்கு அதே சந்தை குழப்பம். சட்டத்தைத் தெரிந்து கொள்ள ஒருத்தியை வரவொட்டாமல் தடுத்து விட்டு, பிறகு "உனக்குச் சந்தை தெரியாது, நீ வீட்டிலிரு" என்பது, கண்ணைக் கட்டிவிட்டு "உனக்குப் பார்வையில்லை" என்பது போலல்லவா?

நமக்குப் பக்கத்திலுள்ள எட்டயபுரத்தையே எடுத்துக் கொள்ளுவோம். சனிக்கிழமை தோறும் அங்கே கூடுகிற ஆட்டுச் சந்தை தென் ஜில்லாக்களெல்லாம் அறிந்தது. தீபாவளி, பக்ரீத் காலங்களில் ஆட்டுக்கும் மனிதனுக்கும் நடுவே காற்று நுழைய இடமிராது. அங்கே வருகிற ஆடுகளை வளர்த்தது யார்? இந்தக் கரிசல் பூமியில் பருத்தி எடுப்பது பெண். களை வெட்டுவது பெண். தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்குவதும் பெட்டி ஒட்டுவதும் பெண். வீட்டுக்கு வந்த பிறகு நாலு வெள்ளாட்டுக்குக் கருவேல நெற்றுப் பொறுக்கிப் போட்டு, குட்டிக்குச் சீக்கு வந்தால் கஷாயம் வைத்து ஊற்றுகிறவளும் பெண். வேலைக்குப் பெண், விலைக்கு ஆண்! சனிக்கிழமை விடியற்காலம் ஆட்டின் கயிறு மாத்திரம் அவள் கையிலிருந்து அவன் கைக்கு மாறிவிடும். சாயங்காலம் அவன் கையிலிருந்து எவ்வளவு திரும்பி வருகிறது என்பதைத் தாய்மார்களாகிய நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இந்தப் பக்கத்து ஆட்டில் கொடி ஆடு, கன்னி ஆடு என்று இரண்டு பேர்போன ஜாதி. கன்னி ஆடு சந்தைக்குப் போகலாமாம். அதை வளர்த்த கன்னிப் பெண் போகக் கூடாதாம்! ஆட்டுக்குள்ள சுதந்திரம் கூட நம் பெண்ணுக்கு இல்லையென்றால் நாம் நாகரிகமடைந்த ஜனங்களென்று எந்த வாயால் சொல்லிக் கொள்ளுவது?

கால்நடைச் சந்தைகளில் பழைய வழக்கம் ஒன்று உங்களுக்குத் தெரியும். தரகனும் வாங்குகிறவனும் துண்டைப் போட்டுக் கையை மூடிக் கொண்டு, விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். பக்கத்தில் நிற்கிறவனுக்கு விலை தெரியாது; விற்கிறவனுக்குக்கூடச் சில சமயம் முழு விலை தெரியாது. இந்தத் துண்டுக்குள் ஒரு பெண் எப்படிக் கையை விடுவாள்? விட்டால் ஊர் சும்மா இருக்குமா? அவளை யாரும் "வராதே" என்று கம்பு கொண்டு அடிக்க வேண்டாம். விலை பேசுகிற பாஷையையே ஆண்பிள்ளைக் கை பாஷையாக வைத்து விட்டால் போதும். அவள் தானாகவே வெளியே நிற்பாள். ஜாதிக்காரர்கள் வேதத்தைத் தங்களுக்குள் மறைத்து வைத்துக் கொண்டதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அது மந்திரத்தை மறைத்தது. இது விலையை மறைக்கிறது.

சாஸ்திரக்காரர்களும் தங்கள் பங்குக்குச் சும்மா இருக்கவில்லை. பிரயாணத்துக்கு வாரசூலை பார்க்க வேண்டுமாம். பஞ்சாங்கப்படி சனிக்கிழமை சூலம் எந்தத் திசை? கிழக்கு. கோவில்பட்டிக்கு எட்டயபுரம் எந்தத் திசை? நேர் கிழக்கு! சனிக்கிழமை எந்த நாள்? ஆட்டுச் சந்தை நாள்! வாரந்தவறாமல் இந்த ஊர் வியாபாரிகளெல்லாம் சூலத்தின் நுனியிலேயே ஏறிப் போய், ஆட்டை வாங்கி, இலாபம் பார்த்து, வீட்டுக்குத் திரும்பி வந்து பிரியாணி சாப்பிடுகிறார்கள். சூலம் ஒருவனையும் குத்தியதாகத் தெரியவில்லை. தயிர் சாப்பிட்டு விட்டுப் போனால் தோஷமில்லையென்று பரிகாரம் வேறே சொல்லுகிறார்கள். ஒரு கரண்டித் தயிருக்கு மடங்குகிற சூலம் என்ன சூலம்! சனிக்கிழமை காலை ஒன்பதிலிருந்து பத்தரை வரை ராகுகாலம் என்கிறார்கள். சந்தையிலே பேரம் நடக்கிற நேரத்தில் எவனாவது, "இரப்பா, பத்தரை ஆகட்டும்" என்று ஆட்டை விட்டு விட்டுப் போகிறானா? பணம் வருகிற இடத்தில் ஆண்பிள்ளைக்குச் சூலமுமில்லை, ராகுவுமில்லை.

பெண்ணுக்கு மாத்திரம் எல்லாம் உண்டு. தாலி அறுத்தவள் எதிரே வந்தால் சகுனத் தடை. வீட்டுக்கு விலக்கானவள் வெளியே போனால் தீட்டு. "பொம்பளை சிரிச்சாப் போச்சு, புகையிலை விரிச்சாப் போச்சு" என்று பழமொழி. புருஷனை இழந்து, நாலு ஆட்டை வைத்துக் குழந்தைகளைக் காப்பாற்றுகிற ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். சந்தைக்குப் போக எல்லோரையும் விட அவளுக்குத்தான் அவசியம் அதிகம். எதிரே வரக் கூடாதென்று எல்லோரும் முகஞ்சுளிப்பதும் அவளைத்தான். அவளுடைய ஆட்டைப் பாதி விலைக்கு ஓட்டிக் கொண்டு போகிற தரகனுக்கு மாத்திரம் அவள் முகத்தில் சகுனத் தடை இல்லை. மூட நம்பிக்கையினால் யாருக்கு நஷ்டம், யாருக்கு இலாபம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் அது வெறும் அறியாமை மாத்திரமல்ல, ஒருவிதமான வியாபாரமும்கூட என்பது விளங்கும்.

தெருவும் சந்தையும் யாருக்குச் சொந்தம் என்கிற சண்டை நமக்குப் புதிதல்ல. பக்கத்துக் கழுகுமலையில் 1895இல் எதற்காகக் கலவரம் நடந்து உயிர்கள் போயின? தேரோடும் வீதியில் நாடார்கள் ஊர்வலம் போகலாமா கூடாதா என்பதற்காக. அதற்கு முன்னே 1858இல் தென் திருவிதாங்கூரில் என்ன நடந்தது? தோளில் சீலை போட்டுக் கொண்டு கடைவீதிக்கும் சந்தைக்கும் வந்த பெண்களின் சீலையைப் பொது இடத்தில் இழுத்துக் கிழித்தார்கள். 1859 ஜூலை 26இல் மகாராஜா ஓர் உத்தரவு போட்டார். மறைத்துக் கொள்ளலாம், ஆனால் உயர்ஜாதி ஸ்திரீகளைப் போல் உடுத்தக் கூடாதென்று அதிலும் ஒரு வால் ஒட்டினார். கழுகுமலை வீதியில் அன்று தடுக்கப்பட்ட ஆண்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள் இன்று எந்த வீதியிலும் தலைநிமிர்ந்து போகிறார்கள். எனக்கு மெத்த சந்தோஷம். ஆனால் அவர்களை ஒன்று கேட்கிறேன்: ஜாதியின் பேரால் உங்களைத் தடுத்தது அக்கிரமமென்றால், பெண் என்பதன் பேரால் உங்கள் வீட்டுப் பெண்ணைத் தடுப்பது என்ன கிரமம்?

இன்னொரு சங்கதி. சபையில் சொல்லக் கூச்சப்படுவார்கள். கூச்சப்பட்டதனால்தான் இத்தனை காலம் தீராமல் இருக்கிறது. சந்தையில் கீரையும் மிளகாயும் பரப்பி உட்கார்ந்திருக்கிற பெண், விடியற்காலம் வந்து பொழுதிறங்கிப் போகிறாள். கரிசல் வெயில் எப்படிப்பட்டதென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் அவள் தண்ணீர் குடிப்பதில்லை. ஏன்? விரதமா? இல்லை. குடித்தால் ஒதுங்க இடமில்லை. ஆண்பிள்ளை எந்தச் சுவரைப் பார்த்தாலும் நின்று விடுகிறான். அவனுக்கு ஊரே கக்கூசு. இவள் நாள் முழுவதும் அடக்கிக் கொண்டு, நீர்ச்சுருக்கும் நீர்த்தாரைப் புண்ணும் வாங்கிக் கொண்டு, வைத்தியனுக்கும் மாரியாத்தாளுக்கும் சம்பாதித்ததைக் கொடுக்கிறாள். இது விதியா? பூர்வஜென்ம கர்மமா? நாலு சுவரும் ஒரு கதவும் ஒரு தண்ணீர்க் குழாயும் வைத்தால் தீருகிற கர்மத்துக்கு எதற்கு ஜென்மம் ஜென்மமாய்க் கணக்கு?

சந்தை வசூலைக் குத்தகைக்கு விடுகிறார்கள். குத்தகைதாரர் ஆண் பெண் வித்தியாசம் பார்க்காமல் எல்லோரிடமும் தரைக்காசு வாங்குகிறார். காசு வாங்குகிற போது சமத்துவம் இருக்கிறது. கக்கூசு கட்டுகிற போதுதான் காணாமல் போய் விடுகிறது!

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. பொது இடத்தில் பெண்களைத் தொந்தரவு செய்வதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1998இலேயே சட்டம் செய்தார்கள். 2013இல் இந்தியா முழுவதற்கும் சட்டத்தைத் திருத்தி, பெண்ணைப் பின்தொடர்வதையும் குற்றமாக்கினார்கள். 2024 ஜூலை முதல் அமலுக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்திலும் அது இருக்கிறது. மொராக்கோவிலும் 2018இல் பொது இடத்துத் தொந்தரவுக்குத் தண்டனை வைத்துச் சட்டம் வந்தது. நாம் ஏளனமாகப் பேசுகிற அந்த நாட்டுப் பெண்களும் நம்மைப் போலவே போராடித்தான் அதை வாங்கினார்கள். தெருவோர வியாபாரிகளுக்காக 2014இல் செய்த சட்டத்தின்படி, நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 100க்கு 40 பேர் வியாபாரிகளாகவே இருக்க வேண்டும். அவர்களில் மூன்றிலொரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும். இது எத்தனை பெண் வியாபாரிகளுக்குத் தெரியும்? கூட்டத்திலுள்ள தாய்மார்கள் கையைத் தூக்கட்டும். பார்த்தீர்களா! ஏட்டிலே இருக்கிற சட்டம் வீட்டிலே இருக்கிறவளுக்கு எப்படித் தெரியும்?

2021 மே மாதத்தில் தமிழ்நாட்டு அரசாங்கம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று செய்தது. உடனே சிலர், "ஓசியில் ஊர் சுற்றுகிறார்கள்" என்றார்கள். சுற்றட்டுமே! ஊர் சுற்றுவது ஆண்பிள்ளைக்குப் பட்டா எழுதிக் கொடுத்த நிலமா? "ஐந்து ரூபாய் கொடு" என்று புருஷனிடம் கேட்டால், "எங்கே போகிறாய், எதற்குப் போகிறாய், எப்போது வருவாய்" என்கிற மூன்று கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். அந்த ஐந்து ரூபாய் மிச்சமானதை விட அந்த மூன்று கேள்வி மிச்சமானதே பெரிய இலாபமென்று நான் சொல்லுவேன். ஆனால் பேருந்து சந்தை வாசல் வரையில்தான் கொண்டு வந்து விடும். உள்ளே போய் நிமிர்ந்து நிற்கிற தைரியத்தை டிக்கெட்டோடு கிழித்துக் கொடுக்க முடியாது. அதற்கு வேறே வேலை செய்ய வேண்டும்.

அந்த வேலையைச் செய்த பெண்களும் இருக்கிறார்கள். 1923இல் எகிப்து தேசத்து ஹுதா ஷஅராவி என்கிற அம்மையார் ரோமாபுரியில் பெண்கள் மகாநாட்டுக்குப் போய்த் திரும்பினார். கெய்ரோ ரயில் நிலையத்தில் இறங்குகிற போது, கூடியிருந்த ஜனங்களின் எதிரிலேயே தம் முகத்திரையை எடுத்து விட்டார். எங்கே எடுத்தார் என்பதைக் கவனியுங்கள். பலரும் வந்து போகிற பொது இடத்தில் எடுத்தார். அடுத்த ஆண்டு, 1924இல், வைக்கத்தில் ஒரு கோவிலைச் சுற்றியுள்ள தெருவில் எல்லோரும் நடக்க உரிமை கேட்டுப் போராட்டம் நடந்தது. நம் நாகம்மையாரும் கண்ணம்மாளும் ஈரோட்டிலிருந்து அங்கே போய்த் தெருவில் நின்றார்கள். 1929இல் செங்கற்பட்டு சுயமரியாதை மகாநாடு பெண்களுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டுமென்று தீர்மானம் போட்டது. அது தமிழ்நாட்டில் சட்டமாக 1989 வரை, 60 வருஷம், காத்திருக்க வேண்டியதாயிற்று. தெருவில் நடக்கிற உரிமை, சொத்து வைத்துக் கொள்ளுகிற உரிமை, தன் பொருளைத் தானே விற்கிற உரிமை ஆகிய மூன்றும் ஒரே கயிற்றின் மூன்று புரிகள். ஒன்று அறுந்தால் மற்ற இரண்டும் தாங்காது. ஆடு அவள் பேரிலிருந்து, விலை பேசும் வாய் அவன் பேரிலிருந்தால் ஆடு யாருடையது?

ஆகவே தோழர்களே! முடிவாக நான் கேட்டுக் கொள்ளுவது பெரிய காரியமொன்றுமில்லை. ஒவ்வொரு சந்தையிலும் பெண்களுக்குத் தனிக் கக்கூசும், குடிதண்ணீரும், இருட்டு விழுமுன் எரிகிற விளக்கும் இருக்க வேண்டும். இவையில்லாமல் குத்தகை விடக் கூடாதென்று நகரசபையையும் பஞ்சாயத்தையும் கேளுங்கள். ஆட்டுச் சந்தையில் உயிர் எடை போடுகிற தராசு ஒன்றை நிறுத்தி, அன்றைய விலையைப் பலகையில் எழுதிப் போடச் சொல்லுங்கள்; துண்டுக்குள் ஒளிந்திருக்கிற விலை வெளிச்சத்துக்கு வரட்டும். வாலிபத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை: சந்தையில் ஒருவன் ஒரு பெண்ணைத் தொந்தரவு செய்வதைக் கண்டால், "அவள் யார் வீட்டுப் பெண்?" என்று விசாரிக்க வேண்டாம். யார் வீட்டுப் பெண்ணும் அல்ல, அவள் ஒரு மனுஷி. அவ்வளவு தெரிந்தால் போதும், அவனைத் தடுங்கள்.

தாய்மார்களே! உங்களுக்குச் சொல்லுவது இது. வருகிற சனிக்கிழமை ஆட்டுக் கயிற்றைக் கை மாற்றாதீர்கள். தனியாகப் போகப் பயமாயிருந்தால் நாலு பேராகச் சேர்ந்து போங்கள். நாலு வாரம் போனால் ஐந்தாவது வாரம் தனியாகப் போகலாம். முதல் வாரம் ஏமாற்றுவார்கள், ஏமாறுங்கள். ஏமாறாமல் வியாபாரம் கற்ற ஆண்பிள்ளை ஒருவனைக் காட்டுங்கள் பார்ப்போம்! இரண்டாவது வாரம் உங்களுக்கு விலை தெரியும். சிரிக்கிறவர்கள் சிரிப்பார்கள், சந்தை இரைச்சலில் அது காதில் விழாது. சூலத்தையும் சகுனத்தையும் வீட்டிலே விட்டு விட்டுப் போங்கள். திரும்பி வருகிற போது பணம் உங்கள் முந்தானையில் முடிந்திருக்கட்டும்.

 நான் சொன்னதில் தவறிருந்தால் எழுந்து கேளுங்கள். பதில் சொல்லக் காத்திருக்கிறேன். முதல் கேள்வி தாய்மார்கள் பக்கத்திலிருந்து வரட்டும்.